தும்பிக்கை ஒரு பக்கம் சாய்ந்த யானை

கிளிநொச்சியில் பெறாமகளுக்காகப் பழைய ரீசேட் துணியில் ஒரு யானைப் பொம்மை தைத்தேன். உடம்பு, காது, கால் எல்லாம் சரியாக வந்தன. தும்பிக்கை மட்டும் பஞ்சு அடைத்ததும் இடப்பக்கமாக வளைந்து நின்றது.

முதலில் பஞ்சில்தான் பிழை என்று நினைத்தேன். இலவம் பஞ்சை முழுக்க வெளியே எடுத்து, சின்னச் சின்னதாகப் பிய்த்து, பென்சிலின் பின்பக்கத்தால் நுனியிலிருந்து அடைத்துப் பார்த்தேன், இறுக்கம் கூடக் கூட வளைவும் கூடியது. பிறகு பொம்மையை உட்பக்கம் புரட்டி, வளைவான இடங்களில் தையல் நூலில் படாமல் விளிம்பைக் கத்தரித்துவிட்டேன். சுருக்கம் போனது, சாய்வு போகவில்லை. மூன்று நாள் வீண், அழுகையே வந்துவிட்டது.

நாலாம் நாள் தையலைப் பிரித்து, தும்பிக்கையின் இரண்டு துண்டையும் கையால் இழுத்துப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. வலத் துண்டு நீளவாட்டில் நன்றாக இழுபட்டது, இடத் துண்டு இழுபடவே இல்லை. துணியை மிச்சம் பிடிக்க வலத் துண்டை மட்டும் படுக்கையாக வைத்து வெட்டியிருக்கிறேன்! ரீசேட் துணி குறுக்கேதான் கூடுதலாக இழுபடும், அதனால் பஞ்சு தள்ளும்போது வலப்பக்கம் நீள, நீளாத பக்கத்துக்குத் தும்பிக்கை சாய்ந்திருக்கிறது.

துணியில் வைத்து வெட்டும் காகித அச்சில் ஓர் அம்புக்குறி போட்டேன். துணியின் நல்ல பக்கத்தை வெளிச்சத்தில் பார்த்தால் மெல்லிய பின்னல் வரிகள் மேலிருந்து கீழாக ஓடுவது தெரியும், அதோடு அம்பு ஒத்திருக்க வேண்டும். இரண்டாம் துண்டுக்கு அச்சைக் கவிழ்த்து வைத்தாலும் அம்பு அதே வரியில்தான். இப்போது தும்பிக்கை நேராக நிற்கிறது.