வீட்டில் பதிந்த குரலை மிக்ஸ் செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு கண்டென்சர் மைக், அதைக் கணினியோடு இணைக்கும் ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ், இணையத்தில் இறக்கிய கரோக்கி. வீட்டிலேயே கவர் பாடல் செய்ய வருகிறவர்கள் பெரும்பாலும் இந்த மூன்றோடுதான் தொடங்குகிறார்கள். ஃபேனை நிறுத்துவது, பாப் ஃபில்டர் வைப்பது, சிவப்பு விளக்கு எரியும் அளவுக்குக் கெயினை ஏற்றாமல் இருப்பது எல்லாம் இரண்டாவது பாட்டிலேயே தானாகப் பிடிபட்டுவிடும். பத்தாவது பாட்டிலும் விடாமல் கூடவே வரும் தவறுகள் வேறு.

தடுப்பை மைக்குக்குப் பின்னால் கட்டுவது

எத்தனை முறை சொன்னாலும் தீராத தவறு இது. பணமும் இதில்தான் அதிகம் வீணாகிறது.

நம் வீடுகளில் கீழே டைல்ஸ், மேலே கான்கிரீட், சுற்றிலும் பூச்சுச் சுவர். பத்துக்குப் பத்து அறையின் நடுவில் நின்று கையை ஒரு தட்டுத் தட்டினால், கம்பி அதிர்வதுபோல ஒரு சத்தம் பின்னாலேயே வரும். பாடும்போது அதுவும் சேர்ந்துதான் பதிவாகிறது. இதைத் தடுக்க மைக்குக்குப் பின்னால் அரைவட்ட ஃபோம் தடுப்பு வாங்கி மாட்டுகிறார்கள். இல்லையென்றால் சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டுகிறார்கள்.

வீட்டில் பயன்படும் மைக்குகளில் பெரும்பாலானவை கார்டியாய்டு வகை. முன்பக்கம் நன்றாகக் கேட்கும், நேர் பின்பக்கம் கிட்டத்தட்டச் செவிடு. அதன் முன்னால் பாடகர் நிற்கிறார். பாடகருக்குப் பின்னால் இருப்பது மொட்டைச் சுவர். குரல் அறையைச் சுற்றிவிட்டு அந்தச் சுவரில் பட்டு, பாடகரின் தோளைத் தாண்டி, மைக்கின் திறந்த காதுக்குள் நேராக நுழைகிறது. வாங்கிய தடுப்போ செவிட்டுப் பக்கத்தைக் காவல் காக்கிறது. முட்டை அட்டை ஒலியைப் பெரிதாக உறிஞ்சாது. ஒரு அங்குல ஃபோம் உறிஞ்சுவது சுமார் 1000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருப்பதைத்தான். குரலின் உடம்பு இருக்கும் 200 முதல் 500 ஹெர்ட்ஸ் வரை அப்படியே சுவரில் முட்டித் திரும்பும். பெட்டிக்குள் தலையை விட்டுப் பாடியதுபோல ஒலிப்பது அதனால்தான்.

செய்ய வேண்டியது இதுதான். ஒரு இலவம்பஞ்சு மெத்தை, அல்லது கனமான ரஜாய் இரண்டை ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டு, பாடுகிறவரின் முதுகுக்குப் பின்னால் தொங்கவிடுங்கள். தலைக்கு ஓரடி மேலிருந்து இடுப்புவரை வர வேண்டும். சுவரோடு ஒட்டாமல் 10-15 செ.மீ. இடைவெளி விட்டால் இன்னும் கீழே உள்ள ஒலிகளையும் பிடிக்கும். அறை மூலையில் இரண்டு பக்கமும் கட்ட முடிந்தால் நல்லது. மைக்குக்கும் வாய்க்கும் 15 செ.மீ. போதும். 30-இலிருந்து 15-க்கு வந்தாலே நேர்க்குரல் 6 டெசிபல் கூடும்; அறையின் சத்தம் அப்படியே இருக்கும். காசில்லாமல் கிடைக்கும் 6 டெசிபல் அது. பாட்டு வரிகளுக்காக லேப்டாப்பை மைக்குக்குக் கீழே வைக்காதீர்கள். அதில் பட்டு வரும் ஒலி நேர்க்குரலைவிட 34 செ.மீ. அதிகம் பயணித்தால் ஒரு மில்லி செகண்ட் தாமதமாகச் சேரும். 500, 1500, 2500 ஹெர்ட்ஸில் குரலில் பள்ளம் விழும். அந்தப் பள்ளத்தை, அதிர்வெண்களை ஏற்றி இறக்கும் எந்த ஈக்யூவும் ஒழுங்காக நிரப்பாது.

மிக்ஸிங்கில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுகிறவர்களுக்கு நடப்பது இது. அறை ஒலி குரலைவிட 20 டெசிபல் கீழே இருக்கிறது என்று வையுங்கள். தனியாகக் கேட்டால் பெரிதாகத் தெரியாது. சத்தமான இடங்களை அமுக்கும் கம்ப்ரசர் குரலின் உச்சத்தை 10 டெசிபல் அழுத்துகிறது, குறைந்ததை ஈடுகட்ட மொத்தத்தையும் 10 ஏற்றுகிறோம். அழுத்தத்தை விடும் ரிலீஸ் வேகமாக இருந்தால், குரல் நின்ற கணமே அழுத்தம் விலகி, அறை ஒலி முழுசாக 10 டெசிபல் எழும்பி வரும். இப்போது வித்தியாசம் 10 டெசிபல்தான். அதன்மேல் 'பளிச்' என்று கேட்க 10 கிலோஹெர்ட்ஸில் 4 டெசிபல் ஏற்றினால் அறையின் சலசலப்பும் கூடவே ஏறும். அதை மறைக்க ரிவெர்ப் என்னும் செயற்கை எதிரொலி, அது குழப்பியதும் இன்னொரு கம்ப்ரசர். எதிரொலியை நீக்கும் பிளகின் மென்பொருள்கள் ஓரளவு உதவும், ஆனால் மெய்யெழுத்துகளின் கூர்மையையும் சேர்த்து மழுக்கிவிடும்.

தமிழில் பாடும்போது இந்தச் சேதம் கூடுதல். 'பட்டு' என்று பாடி, அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். 'ப'வுக்கும் 'டு'வுக்கும் நடுவே நாக்கு அண்ணத்தில் ஒட்டி நிற்கும் ஒரு குட்டி மௌனம் இருக்கும். 'பட்டு' 'பட்டு' என்று கேட்பதே அந்த மௌனத்தால்தான். நல்ல பதிவில் அங்கே கோடு கிட்டத்தட்டத் தட்டையாக இருக்கும். அறை நிறைந்த பதிவில், 'ப'வின் வால் அந்த இடைவெளி முழுக்க ரோமம்போலப் படர்ந்திருக்கும். வல்லினம் இரட்டிக்கும் ஒவ்வொரு சொல்லிலும் இதே கதை. பாடகரின் உச்சரிப்பு சரியில்லை என்று கேட்கிறவர்கள் நினைக்கிறார்கள். அது பாடகருக்கு இழைக்கும் அநியாயம்.

ஆகவே முழுப் பாட்டையும் பாடுவதற்கு முன் ஒரு சோதனை. 'பட்டு, விட்டு, காற்று' என்று நிறுத்தி நிறுத்தி நான்கு வரி பதியுங்கள். 4:1 விகிதத்தில், 10 டெசிபல் அழுத்தும்படி, வேகமான ரிலீஸோடு கம்ப்ரசர் போட்டு, ஒலியளவை ஏற்றிக் கேளுங்கள். மௌனங்களில் அறை முணுமுணுத்தால் மெத்தையை நகர்த்துங்கள், மூலையை மாற்றுங்கள், மறுபடி பதியுங்கள். இருபது நிமிட வேலைதான். பதிந்து முடித்த பிறகு இருபது மணி நேரம் உட்கார்ந்தாலும் இதற்கு ஈடாகாது.

கரோக்கியைக் குறைக்காமலே தொடங்குவது

கரோக்கி கோப்பு பெரும்பாலும் ஏற்கெனவே உச்சங்களை அடக்கும் லிமிட்டர் போட்டு, டிஜிட்டல் ஒலியின் உச்சவரம்பான 0 டெசிபலை ஒட்டி நிற்கும். அதற்குமேல் குரலைக் கேட்கவைக்க குரலை ஏற்றினால், எல்லாம் சேரும் மாஸ்டர் வெடிக்கும். முதல் வேலையாகக் கரோக்கியை 8 டெசிபல் இறக்குங்கள். குரலின் உச்சம் -10க்கும் -6க்கும் இடையில் இருக்கட்டும். பிறகும் அமுங்கினால், கரோக்கியில் 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் வரை அகலமாக 2 டெசிபல் வெட்டுங்கள். மூலப் பாட்டிலிருந்து குரலைப் பிரித்தெடுத்த கரோக்கியாக இருந்தால், பழைய பாடகரின் நிழல் அடியில் கேட்கும். வேறு கோப்பு தேடுவதே உத்தமம்.

கைவேலையைக் கம்ப்ரசர் தலையில் கட்டுவது

தமிழில் வினைச்சொல் பெரும்பாலும் வரியின் கடைசியில் வரும். மூச்சு தீர்வதும் அங்கேதான். '-கிறேன்', '-தாயே' எல்லாம் இசைக்குள் மூழ்கிப்போவது இதனால். கம்ப்ரசரைக் கெட்டியாக்கினால் முன்பாதி தட்டையாகும், மூச்சுச் சத்தம் பூதாகாரமாகும், கடைசி அசை அப்போதும் மேலே வராது. அந்த அசையை மட்டும் வெட்டி, அதன் கெயினை 2 முதல் 4 டெசிபல் கையால் ஏற்றுங்கள். பாட்டு முழுக்க இப்படிச் செய்ய அரைமணி நேரம் ஆகும். பிறகு கம்ப்ரசர் 3 முதல் 5 டெசிபல் அழுத்தினாலே போதும்.

கமகத்தை ஆட்டோடியூனுக்குத் தின்னக் கொடுப்பது

கமகம் என்பது சுரத்தை அசைத்துப் பாடுவது. தோடி ராகத்தின் காந்தாரம் ஒரே இடத்தில் நிற்கும் சுரமே இல்லை. அதன் உயிர் அந்த அசைவில் இருக்கிறது. சுருதியைத் தானாகத் திருத்தும் ஆட்டோடியூனில் ரீடியூன் வேகத்தைப் பூஜ்ஜியத்தில், அதாவது உடனுக்குடன் திருத்தும்படி வைத்தால், மென்பொருள் அந்த அசைவை அரைச் சுரப் படிக்கட்டுகளாக நறுக்கிவிடும். சரியான ராகத்தின் சுரங்களை மட்டும் தேர்ந்தாலும் இது தீராது. நீட்டி நிறுத்தும் சுரங்களில் சுருதி விலகினால் அவற்றை மட்டும் கையால் திருத்துங்கள். கமகம் வரும் இடத்தைத் தொடாதீர்கள். அங்கே பிசகியிருந்தால் திரும்பப் பாடுவதுதான் வழி.

சோலோவில் வைத்து ஈக்யூ செய்வது

குரலை மட்டும் தனியாகக் கேட்டுச் செய்யாமல், இசையோடு கேட்டுச் செய்யுங்கள்.

புளூடூத் ஹெட்போனில் கேட்டுப் பாடுவது

வேண்டாம். ஒலி தாமதமாக வருவதால் தாளம் பிந்தும்.

ரிவெர்ப்பை வடிகட்டாமல் விடுவது

ரிவெர்ப்பைக் குரல் டிராக்கிலேயே போடாமல் குரலின் நகலை அனுப்பும் தனி சென்டில் போட்டு, 250 ஹெர்ட்ஸுக்குக் கீழேயும் 7 கிலோஹெர்ட்ஸுக்கு மேலேயும் வெட்டுங்கள். எதிரொலி தொடங்குமுன் விடும் இடைவெளியான ப்ரீ-டிலேயை 30 மில்லி செகண்ட் வைத்தால் சொல் முன்னால் நிற்கும், எதிரொலி பின்னால் வரும். 'ஸ', 'ஷ' தெறித்தால் ரிவெர்ப்புக்குப் போகும் வழியில் அந்தச் சீறலை அடக்கும் ஒரு டீ-எஸ்ஸர்.

மாஸ்டரை 0 டெசிபலில் நிறுத்துவது

உச்சம் -1 டெசிபலைத் தாண்ட வேண்டாம். 0-இல் விட்டால், எம்பி3 ஆக மாறும்போது உச்சங்கள் எல்லையைத் தாண்டி, சத்தமாகப் பாடிய இடங்கள் கரகரக்கும்.