ஆர்டிஐ மனுவுக்குப் பதில் வராதபோது செய்யும் தவறுகள்

போன மாதம் ஒரு தம்பி பிளாஸ்டிக் ஃபைலோடு வந்தார். உள்ளே ஆர்டிஐ, அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் போட்ட மனுவின் நகல் ஒன்று, மாநிலத் தகவல் ஆணையத்துக்கு அனுப்பிய நாலு பக்கப் புகார் ஒன்று. படித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. பல வருஷம் முன்னால் நானும் இதையேதான் எழுதினேன், "ஊழல் பெருச்சாளி" உட்பட.

கையெழுத்தை மறப்பது, 10 ரூபாய் வில்லை ஒட்டாதது பற்றி இங்கே பேசப் போவதில்லை.

மேல்முறையீட்டைத் தாண்டிக் குதிப்பது

எங்கள் தெரு வடிகால் வேலைக்கான அளவுப் புத்தக நகல் கேட்டிருந்தேன். எம் புக் என்பார்களே, அதுதான். எத்தனை மீட்டர், என்ன ஆழம் என்று பொறியாளர் கைப்பட எழுதுவது. அதை வைத்துத்தான் பில் போடுவார்கள். 30 நாள் போயும் பதில் இல்லை. அந்தச் சட்டத்தின் 7(2) பிரிவின்படி அது மறுப்பாகவே கணக்கு. அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தில் மேல்நிலையில் இருக்கும் அலுவலருக்கு 19(1)இல் முதல் மேல்முறையீடு போட்டிருக்க வேண்டும். ஒரு பக்கம் போதும்.

போடவில்லை. அவரும் அவங்க ஆள்தானே என்ற கோபம். நேராக ஆணையத்துக்கு 18ஆம் பிரிவில் புகார்.

ஒன்றரை வருஷம் கழித்து விசாரணை. கோப்பைத் தேடிக்கொண்டிருந்ததாக, பதில் தர வேண்டிய அலுவலர் சொன்னார், எச்சரித்து அனுப்பிவிட்டார்கள். சரி, எம் புக்கையாவது கொடுக்கச் சொல்லுங்கள் என்றேன். புகாரில் அதற்கு வழியே இல்லையாம். 2011 டிசம்பரில் மணிப்பூர் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது: 18இல் அபராதம் போடலாம், தகவலைக் கொடு என்று உத்தரவிட முடியாது, அதற்கு 19தான். இப்போது நினைத்தாலும் எரிச்சல் வருவது இதனால்தான்: 19(3)இல் இரண்டாம் மேல்முறையீட்டுக்குப் போயிருந்தால் தகவலையும் கேட்டிருக்கலாம், 20ஆம் பிரிவு அபராதத்தையும் கேட்டிருக்கலாம். நாளுக்கு 250 ரூபாய், 25,000 வரை. தாமதமான மேல்முறையீட்டை நியாயமான காரணம் இருந்தால் ஏற்கலாம் என்று சட்டம் சொல்கிறது. எனக்கிருந்த காரணம் கோபம்.

புது மனு போட்டேன். எம் புக் "கிடைக்கவில்லை" என்று பதில் வந்தது. அதற்குள் வடிகால் ஸ்லாப்பே உடைந்துவிட்டது.

"கிடைக்கவில்லை" என்றதும் திரும்பி வருவது

அழித்துவிட்டார்கள் என்றால் எந்தத் தேதியில், யார் உத்தரவில் அழித்தார்கள்? அந்த உத்தரவின் நகலைக் கேளுங்கள். பதிவேட்டை நேரில் பார்க்கவும் கேளுங்கள், 2(ஜே) அந்த உரிமையைத் தருகிறது. கேட்ட தகவலை அழித்தால் அதற்கும் 20இல் அபராதம் உண்டு.

"ஏன்" என்று கேட்பது

கோப்பில் "ஏன்" இருக்காது. நகல் கேளுங்கள்.

ஆணையரை நீக்கச் சொல்லி ஆளுநருக்கு எழுதுவது

முறைகேட்டுக்காக மாநில ஆணையரை நீக்க, ஆளுநர் அனுப்பி உச்ச நீதிமன்றம் விசாரிக்க வேண்டும், 17ஆம் பிரிவு. கோபம் தீரும், தபால் காசு போகும்.

தம்பிக்கு மேல்முறையீட்டுக் கெடுவில் இன்னும் 6 நாள் பாக்கி இருந்தது. என் மேஜையிலேயே 19(1) எழுதினோம். "ஊழல் பெருச்சாளி"யை மட்டும் மனசில்லாமல் அடித்தார்.