எண்ணெய் பூசிய மரச்சாமான்களைப் பேணும் முறை

வார்னிஷ் மரத்தின் மேல் ஒரு படலமாக நிற்கிறது. எண்ணெயோ மரத்தின் நுண்துளைகளுக்குள் இறங்கி, காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் சேர்ந்து அங்கேயே கெட்டிப்படுகிறது. எண்ணெய் பூசிய மேசையில் கீறல் விழுந்தால், முழுப் பரப்பையும் சுரண்டாமல் அந்த இடத்தை மட்டும் சரிசெய்ய முடிவது இதனால்தான். ஆனால் நீரையும் சூட்டையும் தடுக்கும் ஆற்றல் வார்னிஷைவிட எண்ணெய்க்குக் குறைவு என்பதால், சிந்திய நீரை உடனே துடைப்பதும் சூடான பாத்திரத்துக்கு அடியில் தாங்கி வைப்பதும் கட்டாயம்.

மறுபடி எண்ணெய் இட வேண்டுமா என்பதை ஒரு சொட்டு நீர் சொல்லிவிடும். சொட்டு முத்தாக நின்றால் பொறுத்திருக்கலாம். சட்டென்று உறிஞ்சப்பட்டு அந்த இடம் கருத்தால், வேளை வந்துவிட்டது. ஆளிவிதை எண்ணெய், டங் எண்ணெய் போன்ற உலரும் எண்ணெய்களையே பயன்படுத்த வேண்டும். தேங்காய் எண்ணெயும் ஆலிவ் எண்ணெயும் இவ்வாறு கெட்டிப்படுவதில்லை. அவை பிசுக்காகத் தங்கித் தூசியைப் பிடிக்கும்.

பரப்பைத் துடைத்து நன்கு உலரவிட்டு, 220 எண் உப்புத்தாளால் இழை ஓடும் திசையிலேயே மெல்லத் தேய்த்து, தூசியை அகற்றிய பின் எண்ணெயை மெலிதாகப் பூசுங்கள். சுமார் 15 நிமிடங்கள் ஊறவிட்டு, உறிஞ்சப்படாமல் மேலே நிற்பதை ஒரு துளியும் மிஞ்சாமல் துடைத்தெடுங்கள். பூசுவதைவிடத் துடைப்பதே இதில் முக்கியமான வேலை என்பேன். மிஞ்சிய எண்ணெய் பல நாட்கள் பிசுபிசுக்கும். அடுத்த பூச்சுக்கு முன் குறைந்தது ஒரு நாள் இடைவெளி தேவை.

எண்ணெய் நனைந்த துணியைக் கசக்கிக் குப்பையில் எறியவே கூடாது. எண்ணெய் உலரும்போது வெப்பம் வெளிப்படுகிறது. குவிந்த துணிக்குள் அந்த வெப்பம் சேர்ந்து, தீப்பொறியே இல்லாமல் துணி தானாகப் பற்றிக்கொள்ளக்கூடும். அதை வெளியில் விரித்துக் காயவையுங்கள், அல்லது நீரில் அமிழ்த்தி, மூடியுள்ள உலோகக் கலத்தில் வையுங்கள்.

நிறம் மாறுவதைக் குறையாகக் கருத வேண்டாம். செர்ரி மரம் வெளிச்சம் பட்டுச் செம்பழுப்பாக ஆழ்கிறது. அடர்நிற வால்நட் மரமோ காலப்போக்கில் வெளிறுகிறது. ஆளிவிதை எண்ணெய் தானே மஞ்சளேறி வெளிர்மரங்களுக்குத் தேன்நிறம் தருகிறது. செர்ரி மேசையில் ஒரு பூச்சாடியை மாதக்கணக்கில் நகர்த்தாமல் வைத்தால் அதன் அடியில் வெளிறிய வட்டம் எஞ்சும் என்பதால், புதிய சாமானின் மேலுள்ள பொருள்களை முதல் சில மாதங்களில் அடிக்கடி இடம் மாற்றுவது நல்லது.

ஓக் போன்ற, டானின் என்னும் துவர்ப்புப் பொருள் மிகுந்த மரத்தில் ஈர இரும்பு பட்டால் கருங்கறை படியும். ஆக்சாலிக் அமிலக் கரைசல் அதை வெளுக்கச் செய்யும். அது நச்சுப்பொருள், கையுறை அணிந்து பூசி, பின்னர் நீரால் நன்கு துடைத்து, முழுதும் உலர்ந்த பிறகே எண்ணெய் இட வேண்டும்.