லாரி டிரம் சூடாகுதா? முதல்ல சூடாகாத சக்கரத்தைப் பாருங்க

திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவும் இறங்கி, பண்ணாரியில் ஓரங்கட்டும்போது ஒரு சக்கரத்தில் மட்டும் லைனிங் (பிரேக் ஷூ மேல் உள்ள உராய்வுப் பட்டை) கருகுற வாடை வந்தால் எல்லாரும் அந்தச் சக்கரத்தைத்தான் கழற்றுவோம். நானும் ஒரு பழைய ஆறு சக்கர வண்டிக்கு பின் இடது பக்கம் இரண்டு தடவை லைனிங் மாத்தினேன். கோளாறு இருந்ததோ வலது பக்கம். அங்கே ஸ்லாக் அட்ஜஸ்டர் (ஷூவுக்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளியைச் சரிசெய்கிற கை) தளர்ந்து பிரேக்கே சரியாகப் பிடிக்கவில்லை, ரெண்டு பேர் வேலையை இடது சக்கரம் ஒன்றே செய்து வெந்துகொண்டிருந்தது.

அதனால் ஸ்பேனரை எடுக்குமுன் ஓட்டிப் பாருங்க. சமமான ரோட்டில் ஏழெட்டு கிலோமீட்டர், முடிந்தவரை பிரேக் மிதிக்காமல் போய், கியரைக் குறைத்தே நிறுத்துங்க. கட்டை போட்டுவிட்டு ஒவ்வொரு டிரம்முக்கும் (சக்கரத்தோடு சுற்றுகிற பிரேக் உருளை) பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்க, தொட வேண்டாம், தோல் உரிந்துவிடும். மிதிக்காமலே சூடு என்றால் ஷூ டிரம்மில் உரசுகிறது. மிதித்து ஓட்டினால் மட்டும் சூடு என்றால் அதே ஆக்சிலின் எதிர்ப்பக்கத்தைச் சந்தேகப்படுங்க. டிரம்மைவிடச் சக்கர நடுவிலுள்ள ஹப்பில் சூடு அதிகமென்றால் பேரிங்.

உரசுகிற சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, கீழே ஸ்டாண்டும் கொடுத்து, டேங்கில் காற்று நிறைந்த பிறகு ஒருத்தரை பிரேக் மிதித்து விடச் சொல்லுங்க. பூஸ்டர் (காற்று அழுத்தத்தில் பிரேக்கைத் தள்ளுகிற டப்பா) ராடு முழுசாக உள்ளே திரும்பி வருகிறதா? வரவில்லை என்றால் பூஸ்டருக்குப் போகிற ஏர் ஹோஸைக் கொஞ்சம் தளர்த்துங்க, புஸ்ஸென்று காற்று போய் ராடு உள்ளே போனால் வால்வில் காற்று சிக்குகிறது என்று அர்த்தம், பிரேக்கைப் பிரிக்கவே வேண்டாம். அப்போதும் வராவிட்டால் ஷூவை விரிக்கிற கேம் ஷாப்ட் புஷ்ஷில் கிரீஸ் வறண்டு இறுகியிருக்கும். ராடு திரும்பியும் சக்கரம் சுற்றவில்லையா, ஸ்லாக்கைத் தளர்த்திப் பாருங்க. உடனே சுற்றினால் யாரோ அளவுக்கு மேல் டைட் வைத்திருக்கிறார்கள். இல்லையென்றால் ரிட்டர்ன் ஸ்பிரிங் செத்திருக்கும், அல்லது டிரம் கோணலாகியிருக்கும். ஸ்பிரிங் பிரேக் (காற்று அழுத்தம் போனால் ஸ்பிரிங்கே பிடித்துக்கொள்வது) உள்ள வண்டியில் காற்று குறைந்தாலே பின்சக்கரம் உரசும், அதை மறந்துவிட்டு நாலு மணி நேரம் தேடினவர்களும் உண்டு.

சூடு இல்லாமல், லேசாக மிதித்தாலே வெடுக்கென்று பிடித்து ஒரு பக்கம் இழுக்கிறது என்றால் அது வேற கதை. ராத்திரி மழையில் நின்ற வண்டி என்றால் டிரம் துரு, நாலு தடவை மிதித்தால் போய்விடும். போகவில்லையென்றால் டிரம்மைக் கழற்றுங்க. ஹப்பில் கிரீஸ் வெளியே வராமல் தடுக்கிற சீல் கசிந்து லைனிங்கில் கிரீஸ் இறங்கினால் ஒரு சமயம் வழுக்கும், ஒரு சமயம் கவ்வும். டிரம் சுற்றும் திசையே ஒரு ஷூவை உள்ளே இழுத்துக்கொள்ளும் அமைப்பு இது, அதனால் லைனிங்கில் சின்ன வித்தியாசம் வந்தாலும் காலில் பெரிசாகத் தெரியும். கிரீஸ் குடித்த லைனிங்கைப் பெட்ரோலில் கழுவித் திரும்ப மாட்டுகிற பழக்கத்தை விட்டுவிடுங்க. சீலையும் மாத்தி, ரெண்டு பக்கமும் ஒரே கம்பெனி லைனிங்காகப் போடுங்க. பழைய லைனிங் தூசியில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், ஏர் அடித்து ஊதாமல் ஈரத்துணியில் துடைங்க.

டிரம்மில் நீலப் புள்ளிகள் தெரிந்தால் அது வெந்திருக்கிறது. மயிரிழைக் கீறலை லேத்தில் கடைந்து பார்க்கலாம், குறுக்கே ஓடிய விரிசல் என்றால் டிரம்மே போச்சு. இறக்கத்தில் வெந்த டிரம்மில் தண்ணி ஊற்றினாலும் விரிசல் வரும்.

கடைசியாக அட்ஜஸ்ட்மென்ட்: கையால் திருகுகிற ஸ்லாக் என்றால் ஷூ டிரம்மில் முட்டும் வரை இறுக்கி, கால் முதல் அரைச் சுற்று பின்னால் விடுங்க. சக்கரம் கையால் சுற்ற வேண்டும். பிறகு பிரேக் மிதிக்கச் சொல்லி ரெண்டு பக்க ராடும் ஒரே அளவு வெளியே வருகிறதா என்று சாக்பீஸில் கோடு போட்டு அளந்துகொள்ளுங்க.