பழைய சொகுசு கார்: கம்ப்ரஸரை மட்டும் மாற்றாதீர்கள்

போன மாதம் ஒரு தம்பி வந்தார். பன்னிரண்டு வயதான பெரிய செடான், வாங்கி நாலு மாதம்தான். "அண்ணே, கம்ப்ரஸர் மறுபடியும் போயிடுச்சு" என்றார். ஏசி கம்ப்ரஸர் இல்லை, வண்டியைக் காற்றால் தூக்கி நிறுத்தும் ஏர் சஸ்பென்ஷனுக்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸர். அந்த 'மறுபடியும்' காதில் விழுந்ததும் எனக்குச் சுள்ளென்று ஏறியது. கோபம் தம்பி மேல் இல்லை. இதே கூத்தை நானும் அடித்திருக்கிறேன்.

சர்வீஸ் ரெக்கார்டைப் பாருங்கள், விபத்தில் அடிபட்ட வண்டியா என்று விசாரியுங்கள் என்பதையெல்லாம் யாரும் சொல்லிவிடுவார்கள். இங்கே நான் எழுதுவது, விவரம் தெரிந்தவர்களே பணத்தை விடும் இடங்களை.

கம்ப்ரஸரை மட்டும் மாற்றுவது

ஏர் சஸ்பென்ஷன் உள்ள காரில் இரும்புச் சுருள் ஸ்பிரிங்குக்குப் பதிலாக ரப்பர் காற்றுப் பை இருக்கும். மெர்சிடிஸ் இதற்கு ஏர்மேட்டிக் என்று பெயர் வைத்தது. ரேஞ்ச் ரோவர், ஆடி ஏ8 கார்களிலும் தத்துவம் இதேதான். கம்ப்ரஸர் காற்றை அடிக்கும், வால்வு பிளாக் அதை எந்தப் பைக்கு அனுப்புவது என்று பிரிக்கும், உயர சென்சார் வண்டி எவ்வளவு தூக்கி நிற்கிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும்.

பத்து வருடம் ஆனால் ரப்பர் சும்மா இருக்குமா? பை மடியும் இடத்தில் முடி அளவுக்கு வெடிப்பு விடும். இரவெல்லாம் காற்று மெல்லக் கசிந்து, காலையில் ஒரு மூலை தாழ்ந்திருக்கும். ஸ்டார்ட் செய்ததும் கம்ப்ரஸர் காற்றடித்துத் தூக்கிவிடும். ஓட்டுகிறவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் கம்ப்ரஸர் கொஞ்ச நேரம் ஓடி, நின்று, ஆறுவதற்கென்று செய்யப்பட்ட பொருள். கசிவை ஈடுகட்ட ஓடிக்கொண்டே இருந்தால் சூடேறி, பிஸ்டன் ரிங் தேய்ந்து, கடைசியில் மோட்டார் கருகும். எச்சரிக்கை விளக்கு பெரும்பாலும் அப்போதுதான் எரியும். காரின் கம்ப்யூட்டரில் பதிவான பழுதைப் படிக்கும் ஸ்கேனரைப் போட்டால் கம்ப்ரஸரைத்தான் காட்டும். ஓட்டை விழுந்தது பையில், பழி விழுவது கம்ப்ரஸர் மேல்.

என் முதல் காரில் அந்தப் பழியை நானும் நம்பினேன். ஒரு பட்டறையில் புதுக் கம்ப்ரஸர் போட்டார்கள். ஏழு வாரம் வந்தது. இரண்டாவதை நானே வாங்கிப் போட்டேன், அதுவும் கருகியது. அப்புறம் ஒரு வயதான மெக்கானிக் வந்து பார்த்தார். கம்ப்யூட்டர் எதையும் செருகவில்லை. வாளியில் சோப்புத் தண்ணீர் கலக்கி, பழைய பெயின்ட் பிரஷ்ஷால் பின் வலது பையின் மடிப்பில் பூசினார். நண்டின் வாயில் வருவது போல நுரை பொங்கியது. அந்த ஒரு பையின் விலை நான் கருக்கிய கம்ப்ரஸர்களின் விலையில் பாதிகூட இல்லை. இதை எழுதும்போதுகூட எரிகிறது.

சோப்புத் தண்ணீர் பூசும்போது வண்டியை உயர்ந்த நிலையில் வைத்துக்கொள்ளுங்கள். தாழ்ந்திருந்தால் வெடிப்பு மடிப்புக்குள் ஒளிந்துகொள்ளும். பை மட்டுமல்ல, குழாய் சேரும் நட்டுகளிலும் வால்வு பிளாக்கிலும் பூச வேண்டும். ஓட்டையை அடைத்த பிறகு கம்ப்ரஸரை மாற்றினால், அதற்கு மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்சான ரிலேயையும் கூடவே மாற்றுங்கள். அதன் காண்டாக்ட் உருகி ஒட்டிக்கொண்டால், சாவியை எடுத்த பிறகும் கம்ப்ரஸர் ஓடி பேட்டரியைக் காலி செய்யும். காற்றின் ஈரத்தை உறிஞ்சும் டிரையரும் பழையதாக இருக்கக் கூடாது. ஈரம் உள்ளே போனால் அடுத்த செலவு வால்வு பிளாக்கில். காற்றிறங்கிச் சக்கரத்தின் மேல் உட்கார்ந்துவிட்ட வண்டியை 'பட்டறை வரைக்கும்தானே' என்று ஓட்டிப் போகாதீர்கள், மிச்சமிருக்கும் பையும் கிழிந்துவிடும்.

இன்னும் வாங்கவில்லை என்றால் ஒரு டேப் போதும். மாலையில் நான்கு சக்கரங்களிலும் சக்கரத்தின் நடுவிலிருந்து மேல் வளைவு வரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் காலையில், கதவைக்கூடத் திறக்காமல், மறுபடி அளந்து பாருங்கள். இதற்கு ஒத்துக்கொள்ளாத விற்பனையாளரிடம் நான் வாங்குவதில்லை.

தம்பியின் காரில் கசிந்தது பை அல்ல, வால்வு பிளாக்கில் ஒரு நட்டு. ஸ்பேனரால் கால் சுற்று முறுக்கியதும் நுரை நின்றது. அதற்குள் கம்ப்ரஸர் இரண்டு போயிருந்தது.

'லைஃப்டைம்' கியர் ஆயில்

கியர்பாக்ஸ் ஆயிலை ஆயுள் முழுக்க மாற்றவே வேண்டாம் என்பார்கள். யாருடைய லைஃப் என்று யாரும் சொல்வதில்லை. பல சொகுசு கார்களுக்கு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் செய்து தரும் இசட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் அல்லது 8 வருடத்தில் ஆயிலை மாற்றச் சொல்கிறது. அதன் ஆறு வேக கியர்பாக்ஸ்கள் பலவற்றில் ஃபில்டரும் அடித்தட்டும் ஒரே பிளாஸ்டிக் துண்டு. ஆயிலை மட்டும் வடித்து ஊற்றினால் வேலை பாதிதான்.

அழித்து வைத்த எரர் கோடு

கார் தன் பழுதுகளை எரர் கோடு என்ற குறியீடாகப் பதிந்து வைக்கும். ஸ்கேனரில் எரர் ஒன்றுமில்லை என்றதும் சந்தோஷப்படாதீர்கள். அதிலேயே ரெடினெஸ் என்று ஒரு பக்கம் இருக்கும். கோடுகளை அழித்தால், காரின் சுயபரிசோதனைகள் 'முடியவில்லை' என்ற நிலைக்குத் திரும்பிவிடும். அவை முடிய சில நாள் ஓட்ட வேண்டும். பாதிக்கு மேல் முடியாமல் இருந்தால், பேட்டரி கழற்றப்பட்டிருக்கலாம், இல்லை நீங்கள் வருவதற்குச் சற்று முன் யாரோ துடைத்திருக்கிறார்கள். பேட்டரியைக் கழற்றினோம் என்று சொல்வார்கள். சரி, நாலு நாள் ஓட்டிவிட்டுக் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

பாகத்தின் விலையை மட்டும் விசாரிப்பது

அது எங்கே இருக்கிறது என்றும் கேளுங்கள். பிஎம்டபிள்யூவின் என்47 டீசல் எஞ்சினில் வால்வுகள் சரியான நேரத்தில் திறந்து மூட உதவும் டைமிங் செயின் பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி இருக்கிறது. செயினும் அதைத் தாங்கி ஓடவிடும் கைடும் பெரிய விலை இல்லை. ஆனால் அதைத் தொட எஞ்சினையோ கியர்பாக்ஸையோ இறக்க வேண்டும், கூலிதான் பில்லைத் தின்னும். பின்பக்கமிருந்து சங்கிலி உரசுகிற சத்தம் கேட்டால் பேரம் பேசவே உட்காராதீர்கள்.

மலிவாகக் கிடைத்தது

காரின் விலைதான் இறங்கியது, உதிரிபாகத்தின் விலை இறங்கவில்லை.

சன்ரூஃப் வடிகால்

கூரையில் திறக்கும் கண்ணாடியைச் சுற்றி விழும் மழைத் தண்ணீரை வெளியேற்றும் குழாய்கள் இவை. அடைத்தால் தண்ணீர் கார்ப்பெட்டுக்கு அடியில் போகும். பல கார்களில் எலக்ட்ரானிக் கன்ட்ரோல் பாக்ஸ் இருப்பதும் அங்கேதான்.