காற்றடைக்கும் பேடில்போர்டில் கசிவா? வீட்டிலேயே ஒட்டிவிடலாம்

முட்டுக்காடு கழியில் பேடில்போர்டு (நின்றுகொண்டு துடுப்புப் போடும் பலகை) ஓட்டுகிறவர்களுக்குச் சிப்பியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தண்ணீர் வற்றியிருக்கும் நேரத்தில் கரையோரமாகப் போனால் போதும், கல்லில் ஒட்டியிருக்கும் சிப்பி போர்டின் அடியில் கீறிவிடும். சில நேரம் கீறல் தெரியாது, மறுநாள் போர்டு தொளதொளவென்று கிடக்கும்போதுதான் தெரியும். பெரும்பாலான கசிவுகளை வீட்டிலேயே சரிசெய்யலாம். நான் செய்யும் முறையை எழுதுகிறேன்.

முதலில், அது கசிவுதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். வெயிலில் 45 டிகிரிக்குச் சூடான போர்டில் 15 பி.எஸ்.ஐ. அழுத்தத்துக்குக் காற்றடித்துவிட்டு 29 டிகிரித் தண்ணீரில் இறக்கினால், ஓட்டையே இல்லாமல் ஏறக்குறைய 1.5 பி.எஸ்.ஐ. குறையும். உள்ளே இருக்கும் காற்று குளிர்ந்து சுருங்குவதால் வருவது இது. அதனால் வீட்டு நிழலில் காலையில் காற்றடித்து, ஓர் இரவு வைத்து, மறுநாள் அதே நேரத்துக்கு அளந்து பாருங்கள். அளப்பதற்குப் பம்பைச் செருகும்போதே கொஞ்சம் காற்று குழாய்க்குள் போகும், அந்தச் சின்ன வித்தியாசத்தைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

அடுத்தது வால்வு. ஓட்டை தேடுவதற்கு முன் இதைப் பார்த்துவிட்டால் பாதிப் பேருக்கு வேலை இங்கேயே முடிந்துவிடும். மூடியைக் கழற்றி, வால்வுக் குழிக்குள் சோப்புத் தண்ணீர் ஊற்றுங்கள். நடுவில் இருக்கும் ஊசியைச் சுற்றிக் குமிழி வந்தால் உள்ளே மணல் சிக்கியிருக்கும். ஊசியை அழுத்திச் சட்டென்று விட்டால் வெளியேறும் காற்றே மணலைத் தள்ளிவிடும். வால்வின் வெளி விளிம்பில் குமிழி வந்தால் வால்வு தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். காற்றை முழுக்க இறக்கிவிட்டு, போர்டின் அடிப்பக்கமாக வால்வின் கீழ்ப்பாதியைக் கையால் இறுகப் பிடித்துக்கொண்டு, வால்வுச் சாவியால் வலப்பக்கம் திருப்புங்கள். அந்தச் சாவி போர்டுடன் வரும் ரிப்பேர் பெட்டியில் இருக்கும். பலத்தையெல்லாம் காட்ட வேண்டாம், இறுகினால் போதும்.

வால்வில் பிரச்சினை இல்லையா? சரி, ஓட்டையைத் தேடுவோம். போர்டை 12 முதல் 15 பி.எஸ்.ஐ. வரை அடித்து, பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் கலந்த தண்ணீரை ஸ்ப்ரே பாட்டிலில் ஊற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக அடித்துப் பாருங்கள். பெரிய ஓட்டை சத்தத்திலேயே தெரிந்துவிடும். ஊசித்துளை அப்படித் தெரியாது. ஒரு மிளகு அளவு வெள்ளை நுரை மெதுவாகத் திரளும், விரலால் துடைத்தால் சிறிது நேரத்தில் அதே இடத்தில் மறுபடி வரும். மறுபடி வந்தால்தான் அது ஓட்டை. அடையாளம் வைக்கும்போது ஓட்டையைச் சுற்றி வட்டம் போடாதீர்கள், ஒட்டுவதற்கு முன் அசிட்டோன் என்ற கரைப்பானால் துடைக்கும்போது அழிந்துவிடும். ஒட்டுத் துண்டின் எல்லைக்கு வெளியே நான்கு பக்கமும் ஓட்டையை நோக்கிக் கோடு போட்டால், அவற்றை நீட்டினால் சந்திக்கும் இடம் ஓட்டை.

பசைதான் முக்கியம்

சைக்கிள் பஞ்சர் கடை சொல்யூஷன் ரப்பருக்கு உரியது, போர்டின் மேல்தோலான பி.வி.சி. பிளாஸ்டிக்கில் பிடிக்காது. குழாய் ஒட்டும் சிமென்ட் காய்ந்து விறைத்துவிடும், போர்டைச் சுருட்டும்போது வெடிக்கும். ஃபெவிக்விக்கும் அப்படித்தான். மரவேலைக்குப் பயன்படும் மஞ்சள் ரப்பர் பசை முதலில் நன்றாகப் பிடித்ததுபோல் இருக்கும், ஆனால் பி.வி.சி.யை மென்மையாக வைத்திருக்கும் எண்ணெய்ப் பொருள் கசிந்து நாளடைவில் பசையை இளக்கிவிடும். என் ஓட்டு இரண்டு பகுதியாக வரும் பாலியூரிதேன் பசைக்குத்தான், அதாவது பசையும் கடினமாக்கியும் தனித்தனியாக வருவது. ஷூ தயாரிப்பிலும் இது புழங்குவதால் சென்னையில் தோல் வியாபாரம் நடக்கும் பெரியமேடு பக்கம் ‘பி.யு. பசை’ என்று கேட்டுப் பார்க்கலாம். பி.வி.சி.க்கு ஒட்டும் என்று டப்பாவில் போட்டிருக்க வேண்டும். கையுறை போட்டு, காற்றோட்டமான இடத்தில், அடுப்புக்குத் தள்ளி வைத்து வேலை செய்யுங்கள்.

காற்றை முழுக்க இறக்கிப் போர்டைச் சமதளத்தில் விரியுங்கள். ஓட்டையிலிருந்து எல்லாப் பக்கமும் 5 சென்டிமீட்டர் வருமாறு பி.வி.சி. துண்டை வெட்டி, மூலைகளை வட்டமாக்குங்கள். கூர் மூலை இருந்தால் அங்கிருந்துதான் உரியத் தொடங்கும். இரண்டு பரப்பையும் நைசான உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து (நூல் தெரியும் அளவுக்குத் தேய்க்கக் கூடாது), அசிட்டோன் நனைத்த வெள்ளைத் துணியால் துடையுங்கள். அதன் பிறகு அந்த இடத்தில் விரல் படக்கூடாது.

இனி வருவதுதான் அவசரப்பட்டால் கெட்டுப்போகும் இடம். இரண்டு பக்கமும் மெல்லிய பூச்சு ஒன்று, 10 நிமிடம் இடைவெளி, அப்புறம் இரண்டாவது பூச்சு. உடனே ஒட்டிவிடாதீர்கள். விரலின் பின்புறத்தால் ஓரத்தைத் தொட்டால் லேசாகப் பற்ற வேண்டும், ஆனால் பசை விரலோடு வரக்கூடாது. அந்தப் பதம் வரும் வரை காத்திருங்கள். ஈரமாக இருக்கும்போது ஒட்டினால் கரைப்பான் உள்ளேயே அடைபட்டுக் கொப்புளமாக நிற்கும், காற்றடித்ததும் உரிந்து வரும்.

கடலோர ஊர்களில் இன்னொரு சங்கடம் உண்டு. கரைப்பான் ஆவியாகும்போது பசையின் மேற்பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதில் படிந்துவிடும். பூச்சு வெளுத்துப் புகைபடிந்ததுபோல் தெரிந்தால் இதுதான் நடந்திருக்கிறது. துடைத்தெடுத்துவிட்டு மறுபடி தொடங்குங்கள். மழை நாளில் வேண்டாம், மாலைக் கடல்காற்று ஏறிய பிறகும் வேண்டாம். காய்ந்த நாளின் நண்பகலில், நேர் வெயில் படாத இடத்தில் செய்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது.

பதம் வந்ததும் துண்டை நடுவிலிருந்து ஓரம் நோக்கி இறக்கி, கரண்டியின் முதுகால் அழுத்தித் தேயுங்கள். மேலே தட்டையான பலகை, அதன் மேல் எடை. 24 மணி நேரத்துக்கு முன்பு காற்றடிக்கக் கூடாது. நான் இரண்டு நாள் விட்டுவிடுவேன். பிறகு முதலில் 8 பி.எஸ்.ஐ. மட்டும் அடித்துச் சோப்புத் தண்ணீரில் பார்த்துவிட்டு, அதன் பிறகே முழு அழுத்தத்துக்குப் போங்கள்.

பிற்சேர்க்கை

போர்டின் மேல் நாம் கால் வைத்து நிற்கும் மெத்தையின் ஓரத்தில் குமிழி வருகிறது, ஆனால் அங்கே ஓட்டை இல்லை என்று சிலர் எழுதியிருந்தார்கள். ஓட்டை மெத்தைக்கு அடியில் வேறெங்கோ இருக்கும், காற்று உள்ளுக்குள் ஊர்ந்து ஓரத்தில் வெளியே வரும். ஹேர் டிரையரால் மிதமாகச் சூடாக்கி, குமிழி வரும் பக்கத்திலிருந்து மெத்தையை மெதுவாக உரித்துக்கொண்டே தேட வேண்டும்.

பக்கவாட்டுத் தையல் பட்டையில் கசிந்தால்? ஊசித்துளை அளவு என்றால் மேலே சொன்னபடி நீளமான துண்டு போட்டு ஒட்டலாம். பட்டையே விரலளவுக்குப் பிரிந்திருந்தால் ஒட்ட முயலாதீர்கள், வாரண்டி இருக்கும்போது அதில் கொடுத்துவிடுங்கள். நீங்கள் பசை போட்டிருந்தால் அவர்கள் மறுக்கக்கூடும்.