ஏரிகள் வழியே ஸ்னோடன் சிகரத்துக்கு: ஒரு நாள் மலையேற்றக் கையேடு

வேல்ஸ் நாட்டின் மிக உயர்ந்த மலையான ஸ்னோடனுக்கு ஆறு முக்கியப் பாதைகள் உள்ளன. வேல்ஸ் மொழியில் அர் வித்வா எனப்படும் இம்மலையின் உயரம் 1,085 மீட்டர். ஏரியையும் சிகரத்தையும் ஒரே நாளில் பார்க்க விரும்புகிறவர்களுக்கு, குறிப்பாக முதல் முறை போகிறவர்களுக்கு, மைனர்ஸ் டிராக் எனும் சுரங்கத் தொழிலாளர் பாதையையே நான் பரிந்துரைப்பேன். முதல் பாதியில் குழந்தைகளும் நடக்கக்கூடிய அளவுக்கு இலகுவாக இருக்கும் இப்பாதை, கிளாஸ்லின் ஏரியைத் தாண்டியதும் முற்றிலும் வேறு பாதையாகிவிடுகிறது என்பதை மனத்தில் வைத்தே அன்றைய நாளைத் திட்டமிட வேண்டும்.

நடை தொடங்கும் பென்-அ-பாஸ் கணவாய் 359 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்குள்ள கார் நிறுத்துமிடம் சிறியது. பருவக் காலத்தில் முன்பதிவு இல்லாமல் இடம் கிடைக்காது என்பதால், அருகிலுள்ள நான்ட் பெரிஸ் கிராமத்தில் காரை விட்டுவிட்டு ஷெர்ப்பா பேருந்தில் வருவது நல்லது. போய்வர ஏறத்தாழ 13 கிலோமீட்டர். உணவுக்கும் ஓய்வுக்கும் சேர்த்து ஏழெட்டு மணி நேரம் ஒதுக்க வேண்டும். மே முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களே புதியவர்களுக்கு ஏற்றவை. பனிக்காலத்தில் சிகரத்துக்குக் கீழுள்ள சரிவில் பனி இறுகிக் கிடக்கும்போது, பனிக்கோடரியும் காலணி முட்களும் இருந்து, அவற்றைப் பயன்படுத்தவும் பழகியவர்கள் மட்டுமே ஏற வேண்டும்.

கணுக்காலைப் பிடித்துக்கொள்ளும் காலணி, மழை புகாத மேலுடையும் கால்சட்டையும், கம்பளி அடுக்கு ஒன்று, தொப்பி, கையுறை, தலைவிளக்கு, விசில், வரைபடம், திசைகாட்டி ஆகியவை கோடையிலும் பையில் இருக்க வேண்டும். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்த பருத்தித் துணி காற்றில் உடற்சூட்டை விரைவாக உறிஞ்சிவிடும். உணவையும் கையுறையைக் கழற்றாமல் தின்னக்கூடியதாக எடுத்துச்செல்லுங்கள்.

கார் நிறுத்துமிடத்திலிருந்து பிரியும் இரு பாதைகளில், அகலமான சரளைப் பாதையே மைனர்ஸ் டிராக். முதலில் வரும் சிறிய ஏரி லின் டெய்ர்ன். அதன் கரையில் சுரங்கத் தொழிலாளர்கள் தங்கிய கட்டடங்களின் இடிபாடுகள் நிற்கின்றன. அடுத்து வரும் பெரிய ஏரியான லின் லிடாவை, செம்புத் தாது கொண்டுவருவதற்காக 1853இல் கட்டப்பட்ட கல்லணையின் மீது கடக்கிறோம். கனமழைக்குப் பின் இந்த அணை நீரில் மூழ்கக்கூடும். அப்பால் தாது நொறுக்கும் ஆலையின் கூரையற்ற சுவர்களைத் தாண்டிச் சற்று ஏறினால், ஏறத்தாழ 600 மீட்டர் உயரத்தில் கிளாஸ்லின் தென்படும். செம்பு கலந்த அதன் நீர், வானம் மூடியிருக்கும் நாளிலும் நீலப் பச்சையாகத் தெரிகிறது. பார்க்க எவ்வளவு அழகோ, குடிக்க அவ்வளவு ஏற்றதன்று.

மேலே போவதா, திரும்புவதா என்பதை இந்தக் கரையில் அமர்ந்துதான் முடிவு செய்ய வேண்டும். தூரத்தில் பெரும்பகுதியை நடந்து முடித்துவிட்டோம் என்று தோன்றினாலும், ஏற வேண்டிய உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 485 மீட்டர், இனிமேல்தான் இருக்கிறது. சிகரத்தை மேகம் மூடியிருந்தாலோ, கரையிலேயே காற்று ஆளைத் தள்ளினாலோ, மதியம் ஒரு மணியைத் தாண்டிவிட்டாலோ, உடன் வந்தவர்களில் ஒருவர் பேச்சைக் குறைத்துக்கொண்டு பின்தங்கினாலோ, இங்கேயே சாப்பிட்டுவிட்டுத் திரும்புங்கள். மூன்று ஏரிகளைப் பார்த்த நாள் எந்த வகையிலும் குறைவான நாள் அல்ல.

ஏறுவதென்றால், கரையிலிருந்து செங்குத்தாகச் செல்லும் கல்சரிவு, கார் நிறுத்துமிடத்தில் பிரிந்த மற்றொரு பாதையான பிக் டிராக்கில் கொண்டுசேர்க்கும். கற்கள் காலடியில் நழுவும் என்பதால், ஒருவருக்கு நேர் கீழே மற்றவர் நடக்கக் கூடாது. பிக் டிராக்கில் இடப்பக்கம் திரும்பி, வளைந்து வளைந்து ஏறினால் புல்க் கிளாஸ் என்னும் முகட்டை அடையலாம். அங்கே நடப்பட்டிருக்கும் உயரமான கல்லைச் சுற்றிலும் நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து இடப்பக்கம், 1896இல் திறக்கப்பட்ட ரயில் பாதையை ஒட்டி நடந்தால் சிகரம் வந்துவிடும். இறங்குவதற்கு ரயிலை நம்பி ஏற வேண்டாம். அதில் ஏறிவந்தவர்களுக்கே முதலிடம்.

திரும்பும்போது, அதே கல்லருகே வலப்பக்கம் திரும்ப வேண்டும். மூடுபனியில் அதைத் தவறவிட்டால், ரயில் பாதையோடு போய் மலையின் மறுபக்கமான லான்பெரிஸில் இறங்க நேரிடும். கிளாஸ்லினுக்குச் செல்லும் செங்குத்துச் சரிவில் இறங்குவது முழங்கால்களுக்குக் கடினம். ஆகவே பிக் டிராக்கிலேயே தொடர்ந்து இறங்குவதையே நான் விரும்புவேன். அதுவும் கரடுமுரடானதுதான், ஆனால் கற்கள் அவ்வளவாக நழுவுவதில்லை, பென்-அ-பாஸிலேயே முடிகிறது.

ஆபத்து நேர்ந்தால் 999ஐ அழைத்து, முதலில் காவல்துறையையும் பிறகு மலை மீட்புக் குழுவையும் கேட்க வேண்டும். அழைக்க முடியாத இடத்தில், ஒரு நிமிடத்துக்குள் ஆறு முறை விசில் ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மீண்டும் ஊதுங்கள். பேசுமளவுக்கு சிக்னல் இல்லாத இடத்திலும் குறுஞ்செய்தி போய்ச்சேரக்கூடும். அந்த வசதிக்கு முன்னரே பதிவு செய்திருக்க வேண்டும் என்பதால், வீட்டிலிருந்து புறப்படும் முன்பே 999க்கு ‘ரெஜிஸ்டர்’ என ஆங்கிலத்தில் குறுஞ்செய்தி அனுப்பிப் பதிவை முடித்துவிடுங்கள்.